மலரின் நான்கு வட்டங்கள்



நம் வீட்டு வேலிகளிற் பூக்கும் செவ்வரத்தையில் இருவகை உண்டு. ஒன்று ஐந்து அல்லிகளையும் நடுவே நீண்ட கேசரக் குழாயையும் உடையது. மற்றது அடுக்குச் செவ்வரத்தை. அடுக்குப் பூவின் மேலதிக இதழ்கள் எங்கிருந்து வந்தன? கேசரங்களாக வேண்டியவையே பெரும்பாலும் அங்கு இதழ்களாகி நிற்கின்றன. ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்புத் தோன்றுவது எவ்வாறு என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

பூவின் உறுப்புகள் யாவும் உருமாறிய இலைகளே என்னும் கருத்தை ஜேர்மானியக் கவிஞர் கேதே 1790 இல் வெளியிட்டார். அவ்வுருமாற்றத்தை ஆளுவது யாது என்பது இருநூறு ஆண்டுகளின் பின்னரே தெளிவாயிற்று. அராபிடொப்சிசு என்னும் கடுகினச் சிறுசெடியை ஆராய்ந்த எலியட் மேயரோவிற்சும், அன்ரிறைனம் என்னும் தோட்டச் செடியை ஆராய்ந்த என்றிக்கோ கோவனும் 1991 இல் அதற்கொரு விதியைக் கூறினர்.

பூவின் உறுப்புகள் வெளியிலிருந்து உள்ளே நான்கு வட்டங்களாக அமைந்துள்ளன. அவை புல்லி, அல்லி, கேசரம், சூல்வித்திலை என்பன. இவற்றைத் தீர்மானிக்கும் பரம்பரையலகுகளோ மூன்றே வகுப்பின. அவற்றை ஏ, பீ, சீ என்பர். ஏ தனித்துத் தொழிற்பட்டாற் புல்லி உண்டாகும். ஏயும் பீயும் கூடினால் அல்லி. பீயும் சீயும் கூடினாற் கேசரம். சீ தனித்து நின்றாற் சூல்வித்திலை. ஏயும் சீயும் ஒன்றையொன்று விலக்குவன. ஒன்று இல்லாவிடின் மற்றது அவ்விடத்தையும் கைக்கொள்ளும்.

இதை அறிவித்தவை விகாரமடைந்த பூக்களே. அராபிடொப்சிசிற் சீ செயலிழந்தாற் கேசரத்தின் இடத்தில் அல்லி தோன்றும். சூல்வித்திலையின் இடத்திற் புதியதொரு பூவே தொடங்கும். பீ செயலிழந்தால் வெளியிரு வட்டங்களும் புல்லியாகும். உள்ளிரு வட்டங்களும் சூல்வித்திலையாகும். மூன்றும் இழந்தாலோ இலைபோன்ற உறுப்புகளே எஞ்சும். இவற்றுக்குத் துணையாகச் செபலாட்டா என்னும் வகுப்பும் வேண்டுமென்பது 2000 இல் தெரியவந்தது. 2001 இல் ஏ, பீ வகுப்புகளுடன் அதனையும் இலையில் இயக்கியபோது, இலைகளே அல்லிகளாயின! கேதேயின் கருத்து இருவழியாலும் உறுதிபெற்றது.

அன்பர்களே, ஒரு செடியின் இலைக்கலத்திலும் அல்லிக்கலத்திலும் இருப்பவை அதே பரம்பரையலகுகளே. எவை எங்கே தொழிற்படுகின்றன என்பதிலேயே வேற்றுமை உண்டு. அடுக்குப் பூவின் அழகை நாம் விரும்புகிறோம். ஆனாற் சீயை முற்றாக இழந்த பூவில் மகரந்தமும் இல்லை, சூலும் இல்லை, விதையும் இல்லை. விதையற்ற தோட்டச் செடி, நாம் தடி வெட்டி நட்டாலன்றிப் பெருகாது. நம் கண்ணுக்கு விருந்தாவது செடிக்கு இழப்பாகிறது.

விகாரப் பூவென்று எறிந்துவிடாது அதனை உற்றுநோக்கியவர்களே முறையான பூவின் விதியைக் கண்டனர். அவ்வாறு நோக்கும் பழக்கம் நம் இளைஞரிடத்தும் வளர்வதாக.