பாக்டீரியாவைத் தின்னும் ஓர் உயிரணு

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையின் பத்மதீர்த்தம் போன்ற குளங்களில் ஒரு துளி நீரெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், செருப்பின் அடிப்பாகம் போன்ற பாரமீசியம் கண்ணில் படலாம். ஒரே செல்தான், நீளம் கால் மில்லிமீட்டர் அளவு. உடலெங்கும் ஆயிரக்கணக்கான குறு இழைகள். அவை துடுப்புப்போல அசைய, அது சுழன்றபடி நீந்துகிறது. எதிலாவது முட்டினால் பின்வாங்கி, திசை மாற்றிப் புறப்படுகிறது. அதே இழைகள்தான் பாக்டீரியாக்களை அதன் வாய்க்குள் தள்ளுகின்றன. இதைக் கண்டதும் "தண்ணீர் கெட்டுவிட்டது" என்று முகம் சுளிப்பது சரியல்ல. அழுக்குள்ள இடத்தில் இது பெருகுவது உண்மை. ஆனால் அழுக்கைக் கொண்டுவந்தது இதுவல்ல, அதில் பெருகும் பாக்டீரியாக்களைத் தின்று குறைப்பதே இதன் வேலை.

இதற்குச் சான்று உண்டு. 1968-இல் பிரிட்டனில் கழிவுநீரை இவ்வகை உயிர்கள் இல்லாமலும், சேர்த்தும் சுத்திகரித்துப் பார்த்தார்கள். இல்லாதபோது வெளியேறிய நீர் கலங்கலாக இருந்தது. சேர்த்தபின் பாக்டீரியா வெகுவாகக் குறைந்து நீர் தெளிந்தது. திருவனந்தபுரத்தின் முட்டத்தறை நிலையம்போல, காற்றூட்டிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடங்களில் பாரமீசியத்தின் உறவான வோர்ட்டிசெல்லாவுக்குப் பங்குண்டு. அப்படியானால் அந்த நீரைக் குடிக்கலாமா என்று கேட்கலாம். கூடாது, இவை கிருமிகளைக் குறைக்கும், முற்றாக ஒழிக்காது. குடிநீருக்குக் குளோரினோ கொதிக்கவைத்தலோ வேண்டும். நாம் ஊற்றும் அமிலமும் ரசாயனமும் இந்தத் துப்புரவாளர்களையும் கொல்லும். அவற்றைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், நேயர்களே.