அண்டி ஆபீஸும் அறநெறிப் பத்திரமும்



நம்மை விட்டுப் பிரிந்த தோழரின் பெயரால் நடக்கும் இந்த நினைவுப் பேருரைக்கு, உலகமயமான வணிகத்தில் அறமும் பண்பாடும் என்ற தலைப்பைத் தந்திருக்கிறார்கள். இது மேலாண்மைக் கல்லூரிகளில் பேச வேண்டிய விஷயமாயிற்றே, தலித் இலக்கிய மேடைக்கு எதற்கு என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். அங்கே இது எப்படிப் பேசப்படுகிறது என்று பார்த்தால், இங்கே ஏன் பேச வேண்டும் என்பது விளங்கும்.

அங்கே கேள்வியை இப்படி வைப்பார்கள். ஐரோப்பாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒரு கம்பெனி இந்தியாவுக்கு வருகிறது. அங்கே லஞ்சம் எனப்படுவது இங்கே அன்பளிப்பு. அங்கே வேண்டியவருக்கு வேலை கொடுத்தால் முறைகேடு. இங்கே சொந்தக்காரப் பையனுக்குக் கொடுக்காவிட்டால்தான் மானக்கேடு. எதைப் பின்பற்றுவது? ஒரு தரப்பு உள்ளூர்ப் பண்பாட்டை மதிக்கச் சொல்கிறது. மறுதரப்பு உலகம் முழுவதற்கும் ஒரே அறம் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் பாலம் கட்டப் பாடப்புத்தகங்கள் எழுதப்படுகின்றன.

நாம் கேட்பது வேறு. அந்த ‘உள்ளூர்ப் பண்பாடு’ யாருடைய பண்பாடு? விமானத்திலிருந்து இறங்கும் வெளிநாட்டுக்காரர் முதலில் கைகுலுக்குவது ஆலை முதலாளியோடு. அவர் சொல்வதே இந்த மண்ணின் வழக்கம் என்று பதிவாகிறது. வாங்குகிறவரும் விற்கிறவரும் மேசையின் இரண்டு பக்கத்தில் உட்கார்ந்து அறம் பேசுகிறார்கள். பொருளைச் செய்த கைகள் வாசலுக்கு வெளியே நிற்கின்றன. இந்த ஏற்பாடு நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல, இருநூறு வருடப் பழக்கம் அதற்கு உண்டு.

நாகர்கோவில் லேஸிலிருந்து தொடங்குவோம். லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் 1819-இல் நாகர்கோவில் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே ரிங்கல்தௌபே வந்துவிட்டார். அவரை இந்தப் பக்கம் வரவழைத்தவர் மயிலாடியைச் சேர்ந்த நம்மவர், மகாராசன் வேதமாணிக்கம் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னிய லேஸ் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்கு விற்பனையானது. அந்தப் பெண்களில் சிலர் அடிமைகள். லேஸ் கூலியைச் சேர்த்து, எஜமானுக்கு விலை கொடுத்து, தங்களைத் தாங்களே மீட்டுக்கொண்டார்கள் என்று மிஷன் வரலாறுகள் பெருமையோடு சொல்கின்றன.

பெருமைப்பட வேண்டியதுதான். ஊசியும் நூலும் கொண்டு விலங்கை அறுத்த பெண்கள் நம் பாட்டிமார். ஆனால் கணக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சீமாட்டிக்கு லேஸ் கிடைத்தது, கூடவே தர்மம் செய்த திருப்தியும் கிடைத்தது. எஜமானுக்கு, அதுவரை அவள் உடம்பைச் சும்மா வேலை வாங்கியதற்கு மேல், அவள் உழைத்துச் சேர்த்த பணமும் கிடைத்தது. விலை கொடுத்தவள் அவள் ஒருத்தி மட்டும். அன்றைய வணிக அறப்படி இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாம் நாணயமான கொடுக்கல் வாங்கல்.

மேலை நாட்டு அறமும் அன்று அப்படித்தான் இருந்தது. 1833-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை ஒழிப்புச் சட்டம் இயற்றி, 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளை இழந்த எஜமானர்களுக்குத்தான் அது போனது, அடிமைகளுக்கு ஒரு காசும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அந்தச் சட்டமே கிடையாது என்று விலக்கும் கொடுத்தார்கள். உள்ளூர் வழக்கத்தில் கைவைக்கக் கூடாதல்லவா! திருவிதாங்கூரிலோ சர்க்காருக்கே சொந்தமாக அடிமைகள் இருந்தார்கள். 1855-இல்தான் இங்கே முழு ஒழிப்புப் பிரகடனம் வந்தது. உலகப் பொது அறமும் உள்ளூர்ப் பண்பாடும் சந்தித்துக்கொண்டபோது, இரண்டும் சமாதானமாகப் போனது நம் தலைக்கு மேல்தான்.

இனி அண்டி ஆபீஸுக்கு வருவோம். நாஞ்சில் நாடு என்றால் கண்டிப்பாகப் பார்த்தால் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும். அண்டி ஆபீஸ்கள் பெரும்பாலும் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம். முந்திரி ஆலைக்கு ‘ஆபீஸ்’ என்று பெயர் வைத்தது யாரோ தெரியாது. நல்ல கிண்டல்காரராக இருந்திருக்க வேண்டும். தரையில் குந்தி உட்கார்ந்து, ஒரு கையில் கட்டை பிடித்து, வறுத்த அண்டியைப் பருப்பு உடையாமல் தட்டி எடுக்கும் ஆபீஸ். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். அதற்குத்தான் கையில் சாம்பல் பூசிக்கொள்கிறார்கள். கூலி எடைக்கணக்கில். பருப்பு உடைந்தால் விலை குறையும், அதன் சுமை தட்டியவள் தலையில் விழும். பிறகு தொலி உரிப்பு, பிறகு தரம் பிரிப்பு. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு. எண்ணிக்கை குறைந்தால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. பருப்புக்குத்தான் எவ்வளவு துல்லியமான தரவரிசை!

அதே துல்லியம் மனிதர்களுக்கும் இருந்தது. கொல்லம் முந்திரித் தொழிலாளிப் பெண்களைப் பற்றிச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் ஆன்னா லிண்ட்பெர்க் விரிவாக எழுதியிருக்கிறார். தோடு தட்டும் கூடத்தில் புலையர், குறவர் பெண்கள். தரம் பிரிக்கும் கூடத்தில் நாயர் பெண்கள். நடுவில் ஈழவப் பெண்கள். கரியும் எண்ணெயும் யார் கையில், வெள்ளைப் பருப்பு யார் கையில் என்பதைச் சாதி தீர்மானித்தது. சாதி வேலையை மட்டும் பங்கு போடவில்லை, வேலை செய்கிறவர்களையே தட்டுத் தட்டாக அடுக்குகிறது என்று பாபாசாகேப் விளக்கியதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். அது கோயிலும் கிணறும் இருந்த பழைய கிராமமல்ல. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏற்றுமதி செய்த நவீன ஆலை. சந்தை உலகளவில் விரிந்தால் சாதி தானாகக் கரையும் என்று சொல்கிறவர்கள் கொல்லத்துக் கூடங்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆலைகள் ஏன் நம் பக்கம் வந்தன? 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி தமிழ்நாட்டோடு இணைந்தது. அந்த இணைப்புக்காக உயிர் கொடுத்தவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் முதலாளிக்கு அந்த எல்லைக்கோடு இன்னொரு வகையிலும் பயன்பட்டது. கேரளத்தில் தொழிற்சங்கம் வலுத்து, குறைந்தபட்சக் கூலி ஏறி, 1969-இல் அரசே முந்திரி வளர்ச்சிக் கழகம் தொடங்கியது. கூலி குறைவாக இருந்த கோட்டுக்கு இந்தப் பக்கம் ஆலைகள் நகர்ந்தன. நேற்றுவரை ஒரே திருவிதாங்கூரில் இருந்த பெண்களுக்கு, ஒரே கைவேலைக்கு, இரண்டு கூலி. இது எந்தப் பண்பாட்டு வேறுபாட்டால் வந்தது?

அண்டியும் நம் கொல்லாமரங்களிலிருந்து மட்டும் வருவதில்லை. பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வருகிறது. மொசாம்பிக் ஒரு காலத்தில் உலகில் முதலிடம் வகித்த முந்திரி நாடு. அங்கே சொந்த ஆலைகள் இருந்தன. தோட்டோடு அண்டியை ஏற்றுமதி செய்ய வரி போட்டு அந்த ஆலைகளைக் காத்து வந்தார்கள். 1990-களின் நடுவில் உலக வங்கி, கடன் வேண்டுமானால் வரியைக் குறை என்றது. குறைத்தார்கள். அண்டி இந்தியாவுக்குக் கப்பலேறியது. மொசாம்பிக்கில் ஆலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். வரி போனால் விவசாயிக்கு நல்ல விலை கிடைக்கும் என்றுதான் நியாயம் சொன்னார்கள். பொருளியலாளர்கள் மக்மில்லன், ராட்ரிக், வெல்ச் மூவரும் கணக்குப் பார்த்தபோது, ஒரு விவசாயக் குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைத்தது ஆண்டுக்குச் சராசரி 5 டாலர் சொச்சம்.

இதில் நமக்கு வலிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் கறுப்பினத் தொழிலாளியின் வேலையைப் பறிக்கப் பயன்பட்ட ஆயுதம், கொல்லத்திலும் குமரியிலும் தரையில் குந்தியிருந்த பெண்ணின் மலிவான கை. அவளுக்கு மொசாம்பிக் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. பிறகு வியட்நாம் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. இப்போது இந்தப் பக்கமும் பல ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கின்றன.

சரி, கம்பெனிகளிடம் அறநெறிப் பத்திரங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். ஏராளமாக இருக்கின்றன. ‘சாதி’ என்ற சொல்லே அவற்றில் இல்லை என்று நம் மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. அது சரியல்ல. எஸ்.ஏ. 8000 என்ற சான்றளிப்புத் தரத்திலும், பிரிட்டனின் ஈ.டி.ஐ. அடிப்படை விதிகளிலும் சாதிப் பாகுபாடு கூடாது என்று 1990-களின் இறுதியிலேயே எழுதிவிட்டார்கள். ஆப்பிள் கம்பெனி 2020-இல் தன் ஊழியர் விதியில் சாதியைச் சேர்த்தது. சியாட்டில் நகரசபை 2023-இல் சட்டமே இயற்றியது. சொல் இருக்கிறது. ஆனால் தணிக்கைக்கு வருகிறவர் முன்கூட்டியே தேதி சொல்லிவிட்டு வருகிறார். அன்று கழிப்பறை கழுவப்படும், கையுறை கொடுக்கப்படும். ‘சாதிப் பாகுபாடு உண்டா?’ என்று மேலாளரை வைத்துக்கொண்டே கேட்டால், எந்தப் பெண் வாய் திறப்பாள்?

தென்னாப்பிரிக்க நிறவெறிக் காலத்திலும் இப்படி ஒரு பத்திரம் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் இருந்த கறுப்பினப் போதகர் லியோன் சல்லிவன், அங்கே தொழில் நடத்தும் அமெரிக்கக் கம்பெனிகளுக்கென்று 1977-இல் நெறிகள் வகுத்தார். கம்பெனிகள் ஆர்வத்தோடு கையெழுத்திட்டன. பத்து வருடம் பார்த்துவிட்டு 1987-இல் அவரே, இது போதாது, கம்பெனிகள் அந்நாட்டை விட்டே வெளியேற வேண்டும் என்று அறிவித்தார். நல்ல மனிதர் எழுதிய பத்திரத்துக்கே அந்தக் கதி.

நம்மிடம் வேறொரு வழக்கம் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அய்யன்காளி வெங்ஙானூர்ப் பக்கம் புலையர் வேலைநிறுத்தத்தை நடத்தினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காதவரை வயலில் இறங்க மாட்டோம் என்றார்கள். வயல் தரிசாகக் கிடந்தது. பட்டினி வந்தபோது கடற்கரை மீனவர்கள் தங்கள் வேலையில் சேர்த்துக்கொண்டு சோறு போட்டார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். கூலி கேட்கும் போராட்டத்தில் பள்ளிக்கூடத்தை நிபந்தனையாக வைத்ததைக் கவனியுங்கள். வயலுடைமைக்காரர் பார்வையில் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. உழைக்கிறவர் எழுதும்போதுதான் பிள்ளையின் படிப்பும் வேலை ஒப்பந்தத்துக்குள் வருகிறது.

அதே வழக்கம் நம் காலத்தில் திண்டுக்கல்லில் தலைகாட்டியது. 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொலை செய்யப்பட்டுக் கிடந்தார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அங்கே பாலியல் தொல்லை நெடுநாளாக நடந்ததென்று வேறு பெண்களும் சொல்ல முன்வந்தார்கள். அந்த ஆலை எச் அண்ட் எம் போன்ற பெரிய நிறுவனங்களுக்குத் துணி தைத்த ஆலை. அறநெறிப் பத்திரம் அவர்களிடம் இல்லாமல் இல்லை. பெண்கள் தலைமையில், பெரும்பாலும் தலித்துகள் உறுப்பினராக உள்ள தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் பிரச்சினையைக் கையில் எடுத்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் தோள் கொடுத்தன. 2022 ஏப்ரலில் ஆலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் சங்கமும் கையெழுத்திட்டன. எச் அண்ட் எம், பிறகு கேப், பி.வி.எச். ஆகியவையும் கட்டுப்பட்டன. அதே ஆண்டு ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை அந்த ஆலைச் சரக்கைத் தடுத்தது. ஒப்பந்தம் நடைமுறையில் இருப்பதைப் பார்த்துச் செப்டம்பரில் தடையை நீக்கியது.

திண்டுக்கல் ஒப்பந்தத்தை மாணவர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். பாலினத்தோடு சாதியையும் அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. உற்பத்திக் கூடத்திலேயே தொழிலாளிப் பெண்களிலிருந்து கண்காணிப்பாளர்களைச் சங்கம் அமர்த்துகிறது. அவர்கள் தேதி சொல்லிவிட்டு வருகிறவர்கள் அல்ல, தினமும் பக்கத்துத் தையல் இயந்திரத்தில் இருப்பவர்கள். ஆலை மீறினால் வாங்கும் நிறுவனம் ஆர்டரில் கைவைத்தே ஆக வேண்டும், விருப்பம் இருந்தால் செய்யலாம் என்பதல்ல. ஆப்பிரிக்காவின் லெசோதோவில் 2019-இல் ஜீன்ஸ் தைக்கும் பெண்கள் இதே மாதிரி ஒப்பந்தம் கண்டிருந்தார்கள். இரண்டு பண்பாடுகள் இங்கேயும் சந்தித்தன. ஆனால் இம்முறை சந்தித்தவர்கள் தொழிலாளிகள்.

இதை அண்டி ஆபீஸில் செய்ய முடியுமா? சிரமம். சட்டைக் காலரில் கம்பெனி பெயர் தைத்திருக்கும்; அதைப் பிடித்து இழுக்கலாம். பருப்பில் பெயர் கிடையாது. 25 பவுண்டு தகரத்தில் டபிள்யூ 320 என்று தரம் மட்டும் போட்டுப் போகிறது. எந்த அங்காடியில், எந்தப் பெயரில், உப்புத் தூவி விற்கிறார்கள் என்பது தட்டியவளுக்குத் தெரியாது. ஆனால் ஏற்றுமதியாளர் பெயர் பெட்டியில் இருக்கும், துறைமுகக் காகிதத்தில் வாங்குகிறவர் பெயரும் இருக்கும். அதைத் தேடி எடுப்பது கல்லூரி மாணவர்களுக்கு எட்டாத வேலையல்ல. கூடவே, திறந்திருக்கும் ஒவ்வோர் ஆபீஸிலும் எந்தக் கூடத்தில் யார் உட்கார்கிறார்கள், என்ன கூலி, எத்தனை வருடமாக என்று எழுதி வாருங்கள். கருங்கல், புதுக்கடை, அருமனை, குலசேகரம் என்று ஊர் பிரித்துக்கொள்ளலாம். எழுதும்போது அந்தப் பெண்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்லும் வார்த்தையிலேயே எழுதுங்கள். அடுத்த ஆண்டு இந்த மேடையில் அதை அவர்களே வாசிக்கட்டும்.