வதிவிடமும் வாக்குரிமையும்

ஒருவரை நோக்கி "உமது ஊர் எது?" என வினவினால், அவர் பிறந்த மண்ணைக் கூறுவார். அரசாங்க அலுவலகமோ, "உமது வதிவிடம் எது?" என வினவும். இவ்விரு வினாக்களுக்கும் ஒரே விடையுடையோர் பேறு பெற்றோர். புத்தளக் கரையோரத்திலோ, இருவேறு விடையுடையோர் பல்லாயிரவர் வாழ்கின்றனர்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்தாருக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டே மணி நேரம். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். புத்தளத்து மக்கள் அவர்களை ஏற்று ஆதரித்தனர். சில மாதத் தங்கல் என எண்ணப்பட்ட வாழ்வு முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. ஓலைக் கொட்டிலிற் பிறந்த குழந்தைகள் இன்று தாமே பெற்றோராயினர்.

இங்கேதான் சிக்கல் எழுகின்றது. தேருநர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுவது. அதில் ஒருவர் பெயர் ஓரிடத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும். புத்தளத்திற் பதிந்தால், மன்னாரிலே காணி கோரும்போது "நீர் இவ்வூரவரல்லர்" என்ற சொல் எழக்கூடும். மன்னாரிற் பதிந்தாலோ, புத்தளத்திலே பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்க வதிவிடச் சான்று காட்டுதல் அரிதாகும். இவ்விடர்ப்பாட்டை உணர்ந்தே, போரினால் இடம்பெயர்ந்தோர் முன்னைய ஊரிலேயே பதிவதற்கு இடமளிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம் 2013 இல் இயற்றப்பட்டது.

பதிந்த உரிமையைப் பயன்படுத்துவதும் எளிதாயிருக்கவில்லை. 2019 நவம்பர் 16 ஆம் நாள், சனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னார் நோக்கிச் சென்ற பேருந்துகள் தந்திரிமலையில் வழிமறித்துத் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தது. உயிர்ச்சேதம் இல்லையென்பது ஆறுதலே. எனினும், ஒரு புள்ளடி இடுவதற்கு மாவட்டங்கள் கடந்து, அச்சத்தோடு செல்ல நேர்ந்தமை சிந்தனைக்குரியது.

ஆகவே, நேயர்களே, கிராம உத்தியோகத்தர் தரும் படிவத்தை அசட்டை செய்யாது நிரப்பிக் கொடுங்கள். இடாப்புக் காட்சிக்கு வைக்கப்படுங்கால் நேரிற் சென்று உங்கள் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி, பழைய பங்கீட்டு அட்டை ஆகியவற்றைப் பேணி வையுங்கள்; காலங் கடந்த அட்டையும் ஒரு நாள் சாட்சி சொல்லும்.  எங்குமே பதியாதிருத்தல் மட்டும் ஆகாது.