யந்திரக் கண்ணும் பனந்தோப்பும்

திண்டிவனத்திலிருந்து மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர் பெருமுக்கல். அங்குள்ள குன்றின் தூரத்தை, அதன் அருகே போகாமலே அளக்கும் வித்தையைக் கணக்கு ஆசிரியர் ஒருநாள் எங்களுக்குக் கற்பித்தார். சாலையில் ஓரிடத்தில் நின்று குன்றின் திசையைக் குறித்தோம். அரை மைல் நடந்து மறுபடியும் குறித்தோம். தாளில் இரு கோடுகளும் கூடிய புள்ளியே குன்றின் இடம். சரிபார்க்க மூன்றாவது இடத்துக்குப் போனோம். பனந்தோப்பு குன்றை மறைத்தது. நான் உத்தேசமாக ஒரு கோடு இழுத்தேன். ஆசிரியர் அதை அழிக்கச் செய்து, “மறைவு, அளக்கவில்லை” என்று எழுதச் சொன்னார்.

1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள ஆதாரக் கோட்டை அளந்து, இந்தியாவின் பெரிய நில அளவையைத் தொடங்கியதும் இந்த முக்கோண முறையைக் கொண்டுதான். அதே முறையை ஓடும் பந்தின்மீது பிரயோகித்த ஒருவரைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

அவர் பால் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர். டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் செயற்கை அறிவுத் துறையில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றவர்; கிரிக்கெட்டில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். ரோக் மேனர் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியபோது, இவ்விரண்டையும் இணைத்து ‘ஹாக்-ஐ’, அதாவது பருந்துக் கண், என்ற சாதனத்தை அமைத்தார். மைதானத்தைச் சுற்றிலும் பல காமிராக்கள். ஒவ்வொன்றும் பந்து இருக்கும் திசையைக் காட்டும். திசைக்கோடுகள் கூடுமிடம் பந்தின் இடம். இப்படிக் கணத்துக்குக் கணம் கிடைக்கும் புள்ளிகளைக் கோத்தால் பந்தின் பாதை தெரியும். காலில் பட்ட பந்து, கால் இல்லாவிடில் எங்கே போயிருக்கும் என்பதையும் கணிப்பொறி கணித்துச் சொல்லும்.

2001 மே மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் பாகிஸ்தானும் ஆடியபோது, இது முதன்முதலாகத் தொலைக்காட்சியில் தோன்றியது. அன்று அது நேயர்களுக்கு விளக்கம் மட்டுமே; தீர்ப்பு அன்று. ஆனால் வீட்டிலிருப்பவர் உண்மையைக் காண, நடுவர் மட்டும் காணாதிருப்பது நெடுநாள் நிலைக்குமா? 2006இல் அமெரிக்க டென்னிஸ் பந்தயத்தில் ஆட்டக்காரரின் முறையீட்டைத் தீர்க்க அதையே நாடினார்கள். 2011இல் சோனி நிறுவனம் ஹாக்கின்ஸின் கம்பெனியை விலைக்கு வாங்கியது. அவ்வாண்டு உலகக் கோப்பை அரையிறுதியில், மொகாலியில், 23 ஓட்டங்களில் ஆட்டமிழந்ததாக அறிவிக்கப்பட்ட டெண்டுல்கர், இக்கருவியின் சாட்சியத்தால் தப்பி 85 எடுத்தார்.

விளக்குபவன் தவறினால் சிரிப்போடு போகும்; தீர்ப்பளிப்பவன் தவறினால் ஒருவர் பிழைப்பே போகும். 2020 ஜூன் 17 அன்று ஆஸ்டன் வில்லா, ஷெஃபீல்டு யுனைடெட் கால்பந்தாட்டத்தில், வில்லாவின் காப்பாளர் பந்தோடு கோல் கோட்டைக் கடந்துவிட்டார். யந்திரம் கோல் என்று சொல்லவில்லை. ஆட்டம் கோலின்றி முடிந்தது. பருவ முடிவில் வில்லா ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் முதல் பிரிவில் நிலைத்தது.

காரணம் என்ன? ஏழு காமிராக்களின் பார்வையையும் ஆட்டக்காரர்களும் கோல் கம்பமும் மறைத்துவிட்டன. எங்கள் பனந்தோப்பைப் போல! 9,000க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் இத்தகைய மறைவு நேர்ந்ததில்லை என்று விளக்கி, கம்பெனி வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது. ஆயினும் ஒரு குறை நின்றது. “நான் பார்க்கவில்லை” என்று அந்த நேரத்தில் நடுவரிடம் சொல்ல யந்திரத்துக்கு வாயில்லை. அதன் மௌனத்தை “கோல் இல்லை” என்றே நடுவர் எடுத்துக்கொண்டார்.

கிரிக்கெட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கணித்த பாதை ஸ்டம்பின் விளிம்பை மட்டும் தொட்டால், நடுவரின் முதல் தீர்ப்பே நிற்கும். கணிப்புக்கும் எல்லை உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் விதி அது.

மாணவ நண்பர்களே! நாளை இத்தகைய கருவிகளை ஆக்கப்போகிறவர்கள் நீங்கள். இன்று உங்கள் சோதனைச்சாலைக் குறிப்பேட்டில் ஓர் அளவு கிடைக்காமற் போனால், பக்கத்து நண்பனின் எண்ணை எடுத்து எழுதாதீர்கள். “அளக்கவில்லை” என்று எழுதுங்கள்.