குடியிழந்தோரும் குடியும்



குடி என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. குடும்பத்தையும் குடி என்கிறோம். மதுவருந்துதலையும் குடி என்கிறோம். குடி குடியைக் கெடுக்கும் என்பதைச் சிறுவரும் அறிவர். அதன் மறுபக்கத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. குடியை இழந்தவனையும் குடி வந்து பற்றிக்கொள்கிறது. திண்ணையில் உறங்குபவனுக்குக் குளிரையும் அச்சத்தையும் தனிமையையும் மறக்க மலிவாகக் கிடைப்பது கசிப்பு. குடித்ததனால் வீடிழந்தானா, வீடிழந்ததனால் குடித்தானா என்று வழக்காடுவதிற் பயனில்லை. இரு முடிச்சுகளையும் ஒருங்கே அவிழ்த்தல் வேண்டும்.

எங்கள் தம்பலகாமம் கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் வயல்கள் சூழ்ந்த ஊர். 1980களிலும் 1990களிலும் போரினால் இம்மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் பலர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை கரையோர மக்களை மேலும் வீடற்றோராக்கியது. பெரும்பாலோர் மீளக் குடியமர்ந்தனர். எனினும், உறவும் காணியும் இழந்து, கடைவாசல்களிலும் பஸ் நிலையங்களிலும் இரவைக் கழிப்போரை நாட்டின் நகரங்களில் இன்றும் காண்கிறோம்.

இவர்களைப் பிரித்தானிய ஆட்சி எவ்வாறு நோக்கிற்று? அது 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் பற்றிய கட்டளைச் சட்டம், பிழைப்புக்கு வழியின்றிப் பிறர் திண்ணையில் அனுமதியில்லாமல் தங்குவோரைத் தண்டனைக்குரியோராகக் கொண்டது. பின்னர் 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தது. போதைப்பொருளுக்கு அடிமையானோர்க்குச் சிகிச்சையும் புனர்வாழ்வும் அளிக்க 2007இல் தனிச் சட்டமும் வந்தது. குற்றவாளி என்றெண்ணிய இடத்தில் நோயாளி என்றெண்ணும் நிலைக்குச் சட்டம் ஓரளவு நகர்ந்துள்ளது. நம் மனமும் நகர்தல் வேண்டும்.

நோய் என்று கூறுவது வெறும் இரக்கப் பேச்சன்று. நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் தோன்றலாம். அடுத்த இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே இடர் நேரலாம். ஆதலால், ஒருவரை அறையிற் பூட்டிவைத்துக் குடியை மறக்கச் செய்ய முயல்வது பேராபத்து. வைத்தியரின் மேற்பார்வை இன்றியமையாதது.

சிகிச்சை சில வாரங்களில் முடியும். அதன்பின் அவர் எங்கே செல்வார்? வீடுள்ளவரை மனைவி மக்கள் அழைத்துச் செல்வர். வீடற்றவரோ பழைய திண்ணைக்கும் பழைய கூட்டத்துக்குமே திரும்புவார். பெற்ற நலன் அங்கே கரைந்துபோகும்.

சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு நிறுவனம், 1989 முதல் மஞ்சக்குடி என்னும் சிற்றூரில் சிகிச்சை முகாம்களை நடத்தலாயிற்று. நோயாளியை நகருக்கு அழையாது, சிகிச்சையை ஊருக்குக் கொண்டுசென்றமையே அதன் சிறப்பு. பிழைத்தெழுந்தவரை ஊரார் கண்முன் கண்டு தாங்க முடிகிறதன்றோ!

ஊரே இல்லாதவருக்கு முதலில் ஓர் ஊரும் கூரையும் வேண்டும். 1992இல் நியூயோர்க்கில் தோன்றிய ஒரு திட்டம், குடியை விட்டபின்பே வீடு என்னும் நிபந்தனையை நீக்கி, வீட்டை முதலில் அளித்தது. பின்லாந்து 2008இல் இக்கொள்கையை நாடளாவிக் கைக்கொண்டது. 2009 முதல் 2013 வரை கனடாவின் ஐந்து நகரங்களில் இது பரிசோதிக்கப்பட்டபோது, வீடு பெற்றோர் அதில் நிலைத்திருக்கக் கண்டனர். ஆயினும், வீடு கிடைத்ததனால் மட்டும் போதைப் பழக்கம் தானே அகன்றுவிடவில்லை. வீடு மருந்தன்று, மருந்து வேலை செய்வதற்கான நிலம்.

நாம் செய்யத்தக்கது யாது? அடையாள அட்டையற்றவருக்கு வேலையும் உதவியும் கிட்டுவது அரிது. அதைப் பெறவோ கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் வேண்டும். பாடசாலை மாணவரின் விண்ணப்பங்களை உறுதிசெய்யும் அதிபர்களாகிய நாம், அந்த அட்டையின் பெறுமதியை நன்கறிவோம். முகவரியற்ற ஒருவரைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்வது பேருதவி. கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் ஆகியன அன்னமிடுவதோடு, சிகிச்சை முடித்து வருவோர்க்குச் சிலகாலம் தங்க ஓர் அறையும் அளித்தல் கூடும். வயலும் தோட்டமும் உடையோர் நாட்கூலி வேலை தரலாம். அக்கூலிக்குப் பதிலாகச் சாராயம் தராதிருத்தல் அதனினும் மேலான அறம். போதைப் பழக்கம் பற்றிய ஆலோசனைக்கு, மேற்கூறிய சபையின் 1927 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு.

மீண்டும் ஒருமுறை தவறுபவரையும் கைவிடாதீர்கள். இந்நோயில் மறுபடி வீழ்தல் பொதுவாக நிகழ்வதே. நாலாம் முறை எழுந்து வருபவருக்கும் திறந்திருக்கும் ஒரு கதவே அவரைக் குடியினின்றும் மீட்டு, மீண்டும் ஒரு குடியாக்கும்.