அரண்மனை வரலாறும் வில்லிசை வரலாறும்



1956 நவம்பர் 1 அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் இடையே மாநில எல்லை வகுக்கப்பட்டது. விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆனால் வில்லுப்பாட்டு இந்த எல்லைக்குள் அடங்கவில்லை. தமிழ்நாட்டில் வில்லிசை; கேரளத்தில் வில்லடிச்சான்பாட்டு. வில்லும் குடமும் உடுக்கையும் இரு பக்கத்துக்கும் பொது. தென் திருவிதாங்கூரின் பழைய கதைப்பாடல்களின் மொழியும் மலையாளம் கலந்த தமிழே. ஆகவே மொழியின் பெயரால் உழைக்கும் மக்களைப் பிரிக்க முயல்வோருக்கு இம்மரபே பதில்.

இப்பாடல்களை வெறும் பக்திப் பாடல்கள் என ஒதுக்குவது பிழை. இவற்றுள் பெரும்பகுதி, அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களின் கதை. ஆதிக்கத்தின் நீதிமன்றத்தில் கிடைக்காத நியாயத்தை மக்கள் தங்கள் கோவில் முற்றத்தில் கேட்டனர்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோவில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு என்னும் பலாமரத்தின் எச்சம் பாதுகாக்கப்படுகிறது. எதிரிகளிடமிருந்து தப்பிய மார்த்தாண்ட வர்மா அதன் பொந்தில் ஒளிந்தார் என்பது ஐதீகம். இது வென்ற மன்னனின் நினைவுச்சின்னம். 1891இல் வெளிவந்த சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவலும் அம்மன்னன் பக்கமே நிற்கிறது. தம்பிமார் கதைப்பாடலோ வேறு பக்கம் நிற்கிறது. தம்பிமாரின் தங்கையை மன்னன் கேட்டதும், அவர்கள் இணங்காததும் பகைக்கு வித்தாயின என்று அது பாடுகிறது, கொல்லப்பட்டவர்களுக்காக அழுகிறது. தம்பிமாரும் பிரபுக் குலத்தவரே. உழைப்பாளிகளின் தலைவர்கள் அல்லர். ஆயினும் அரசன் செய்தது கொலை என்று பொதுவெளியில் பாடும் துணிவு எளிய பாடகனுக்கு இருந்தது என்பதே இங்கு அரசியல். இரவிக்குட்டிப் பிள்ளைப் போர் என்னும் கதைப்பாடலும், திருமலை நாயக்கரின் படையை எதிர்த்து மடிந்த வேணாட்டுப் படைத்தலைவனைப் போற்றுவதோடு, சொந்த அரசவையின் துரோகத்தையும் சுட்டுகிறது.

எனினும் ஆதிக்கம் பாட்டை அப்படியே விட்டுவைப்பதில்லை. நெல்லைச் சீமையின் முத்துப்பட்டன் கதையில், ஒரு பிராமண இளைஞன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியப் பெண்களை மணந்து, அவர்களின் தந்தையினுடைய தொழிலையும் ஏற்கிறான். பிற்காலப் பாடங்களில் அப்பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று கதை திருத்தப்பட்டது. ஒரேயொரு இடைச்செருகலால் சாதி மறுப்புத் திருமணம் சாதிக்குள் நடந்த திருமணமாயிற்று! இந்தத் திருத்தத்தின் பின்னுள்ள சாதி அழுத்தத்தை வெளிக்கொணர்ந்தவர் மார்க்சிய ஆய்வாளர் தோழர் நா. வானமாமலை.

இன்றைய ஆபத்தும் இதே வகையினதே. கொலையுண்டவர்களின் கோவில்கள் பெருந்தெய்வக் கோவில்களாக மாற்றப்படும்போது, கொன்றவன் யார் என்னும் கேள்வி முதலில் அகற்றப்படுகிறது. கதை போய்த் துதி மட்டும் எஞ்சுகிறது. வகுப்புவாதத்துக்கு வேண்டியதும் அதுவே.

இதற்கு எதிரான முன்னுதாரணங்கள் இம்மண்ணிலேயே உள்ளன. பூதப்பாண்டியில் பிறந்த தோழர் ஜீவா தொழிலாளருக்காகப் பாட்டெழுதினார். நாகர்கோவிலின் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியின் வரலாற்றை வில்லில் பாடினார். கேரளத்தில் 1952இல் கே.பி.ஏ.சி. அரங்கேற்றிய ‘நிங்ஙளென்னெக் கம்யூனிஸ்டாக்கி’ நாடகத்தின் பாடல்கள் வயல்வெளிகளில் ஒலித்தன.

இப்பகுதியில் பாடுவதற்குப் பொருளுக்கும் பஞ்சமில்லை. 1859இல் அரச ஆணையை வென்றெடுத்த தோள்சீலைப் போராட்டம். 1888இல் அருவிப்புரத்தில் நாராயண குரு செய்த பிரதிஷ்டை. 1893இல் அய்யன்காளி ஓட்டிய வில்வண்டி. தலித் சிறுமி பஞ்சமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றது. 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் நடந்த துப்பாக்கிச் சூடு. இவை ஒவ்வொன்றும் ஓர் இரவு முழுவதும் பாடத்தக்க கதை.

எனவே எல்லையின் இரு பக்கத்துக் கிளைகளும் மூன்று பணிகளை உடனே மேற்கொள்ள வேண்டும். முதிய புலவர்களின் பாடங்களைத் திருத்தாமல் ஒலிப்பதிவு செய்ய வேண்டும். அவர்களிடம் இளைஞர்களையும் பெண்களையும் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். ஊர்த் திருவிழாக்களிலிருந்து ஒதுங்காமல், அங்கே பழைய கதையோடு புதிய கதையையும் மேடையேற்ற வேண்டும். மேடையை விட்டு விலகினால், மக்களின் கதையை அவர்களுடைய பகைவர்களே திருத்தி எழுதுவார்கள்.