நோய் செல்லும் வழியும் நல்லெண்ணம் செல்லும் வழியும்

(பெருந்துறையில் நமது சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நோய் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு எவ்வாறு செல்கின்றது, நல்லெண்ணம் எவ்வாறு செல்கின்றது என்னும் இரண்டையும் ஒப்பிட்டுச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். இவ்விஷயத்தைப் பேசப் பெருந்துறை மிகப் பொருத்தமான ஸ்தலம். க்ஷயரோகிகளுக்காக இங்கே ஏற்பட்ட இராமலிங்கம் சானடோரியத்தை ஒட்டி, இவ்வூரின் ஒரு பகுதிக்குச் சானடோரியம் என்ற பெயரே இன்றும் வழங்கி வருகின்றது.

முதலில் நோயின் வழியைப் பார்ப்போம். 1896-இல் பம்பாயில் பிளேக் தோன்றியது. அது 1898-இல் ஹூப்ளி வழியாகப் பெங்களூரை அடைந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூரையும் பிடித்துக்கொண்டது. சென்னைக்கும் மேல்கரைப் பேப்பூருக்கும் இடையே நம் கொங்கு நாட்டின் ஊடே செல்லும் இருப்புப்பாதை 1862-இலேயே முடிந்திருந்தது. தானிய மூட்டையோடு எலியும், எலியோடு தெள்ளுப்பூச்சியும் பிரயாணம் செய்தன. நகரங்களில் புகுந்த நோய், பின்னர் சந்தை வழியே கிராமங்களுக்குப் பரவியது. கோவையில் இன்றும் விளங்கும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்நாளில் ஜனங்கள் அடைந்த பீதிக்குச் சாட்சி. 2020-இல் கொரோனா ஆகாய விமானமேறி வந்தபோதும் முறை மாறவில்லை. பயணிகள் சென்ற வழியே அதுவும் சென்றது. ஈரோடு ஜில்லா நோயாளிகள் பலர் இப்பெருந்துறை வைத்தியசாலையிலேயே சிகிச்சை பெற்றனர்.

நோய்க்கு அழைப்பு வேண்டியதில்லை. நல்லெண்ணமோ அவ்வாறன்று. ஸ்வீடன் தேசத்துப் பூகோள சாஸ்திரி டோர்ஸ்டன் ஹேகர்ஸ்ட்ராண்ட் 1953-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாடுகளுக்கு க்ஷயரோகப் பரிசோதனை செய்விக்கும் வழக்கம் குடியானவர்களிடையே எவ்வாறு பரவிற்று என்பதையும் விளக்கினார். ஏற்கெனவே செய்துகொண்டவனுக்கு அருகில் வசிப்பவனே அடுத்துச் செய்துகொள்ளக் கூடியவன். அறிந்த மனிதனுடைய வாய்ச்சொல்லுக்கே வலிமை அதிகம் என்பது அவர் கண்டது. பக்கத்துத் தோட்டத்தில் விளைந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே புதுவிதை வாங்கும் நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுவதில்லை.

இனி, நம் நாட்டிலேயே பிறந்த ஒரு நல்லெண்ணத்தைக் கேளுங்கள். 1956-இல் சென்னையில் க்ஷயரோகச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. ஒரு சாராரைச் சானடோரியத்திலும், மற்றொரு சாராரை அவரவர் வீட்டிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்து வந்தனர். எளிய உணவுண்டு நெருக்கமான வீடுகளில் இருந்தோரும் ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே குணமடைந்தனர். அவர்கள் வீட்டாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவுமில்லை. 1959-இல் வெளியான இம்முடிவு உலகத்து வைத்திய முறையையே மாற்றிவிட்டது. நோயாளியை ஊரை விட்டு விலக்க வேண்டிய அவசியமும் நீங்கிற்று.

ஆனால் அவ்வுண்மை நம் வீட்டு வாயிற்படியைத் தாண்டி உள்ளே வந்ததா? "வெளியில் தெரிந்தால் பெண்ணுக்கு வரன் அமையாது, பங்காளிகள் ஏளனம் செய்வர்" என்று அஞ்சி இருமலை மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. மறைத்தால் நோய் நின்றுவிடுமா? அதே வீட்டுக் குழந்தைக்கும், சீருக்கு வந்த உறவினருக்கும் காற்றின் வழியே செல்கின்றது. மருந்தைப் பற்றிய செய்தி மட்டுமே வீட்டுக்குள் நுழையாமல் நின்றுவிடுகின்றது.

சகோதரர்களே! ஒருவர் வீட்டுச் செய்தி பத்து ஊருக்கு ஒரே நாளில் எட்டுகின்ற உறவுக்கட்டு நம் சமூகத்தில் இருக்கின்றது. அது இதுவரை ஏளனத்தையே அதிகம் சுமந்தது; இனி உதவியைச் சுமக்கட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுமாறு சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாது உடன் செல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசமாகவே கிடைக்கின்றது. சாதாரண க்ஷயத்துக்கு ஆறு மாதச் சிகிச்சை போதும்; நடுவே நிறுத்துதல் மட்டும் கூடாது. குணமடைந்தவர் தாமே முன்வந்து, "எனக்கு வந்தது, தீர்ந்தது" என்று நாலு பேர் அறியச் சொல்வாராயின், அது ஆயிரம் துண்டுப் பிரசுரங்களுக்குச் சமானம். அவ்வாறு சொன்னவரின் வீட்டில் சம்பந்தம் செய்துகொள்ளத் தயங்கோம் என்று இக்கூட்டத்தில் நாம் உறுதி கொள்வோமாக.